குதிரையின் கண்ணும் வினைக் கணக்கும்

குதிரையின் கண்ணுக்குள் ஒரு புழு உயிரோடு நீந்தும் என்று சொன்னால், பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். வெண்மையாக, நூல் கனத்தில், சில சென்டிமீட்டர் நீளத்தில், கருவிழிக்குப் பின்னால் தேங்கியிருக்கும் தெளிந்த நீரில் அது நெளிந்து நெளிந்து போய்வரும். கண்ணிலிருந்து நீர் வடியும். வெளிச்சம் பட்டால் குதிரை இமையை இறுக்கிக்கொள்ளும். நாள் ஆக ஆகக் கருவிழி நீலம் பாரித்து, அப்புறம் வெளுத்துப் போகும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் அரசுக் கால்நடை மருத்துவராக நான் வேலை பார்த்த காலத்தில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கொசு பெருகும் மாதங்களில், பழனி அடிவாரத்துக் குதிரை வண்டிக்காரர்கள் இப்படிப்பட்ட கண்ணோடு குதிரையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். கூடவே வேடிக்கை பார்க்க நாலு பேர் வருவார்கள். அவர்களில் ஒருவராவது இதைச் சொல்லாமல் போனதில்லை: "போன ஜென்மத்து வினை. வாயில்லா ஜீவன், அனுபவிக்குது."

அந்தப் பேச்சைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் பழனியாண்டவரைக் கும்பிடுகிறவள். தாத்தா தேவாரம் ஓத, அதைக் கேட்டே விடிந்த வீடு எங்களுடையது. வினை என்பது எனக்கு அந்நியமான கொள்கை அல்ல. ஆனாலும் ஒரு குதிரையின் கண்ணைப் பார்த்து அதைச் சொல்லும்போது எனக்குப் பொறுக்காது. ஏன் பொறுக்கவில்லை என்று யோசித்து யோசித்து, பணி ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு ஒரு தெளிவு கிடைத்தது.

முதலில் அந்தப் புழுவின் வரலாறு. செட்டாரியா டிஜிடேட்டா என்பது அதன் பெயர். அதன் சொந்த வீடு மாடு, எருமைகளின் வயிற்றுக் குழி. குடலுக்கு வெளியே, வயிற்றுக்குள் இருக்கும் இடைவெளியில் அது பாட்டுக்கு வாழும்; மாட்டுக்குப் பெரும்பாலும் ஒரு கெடுதலும் செய்யாது. அதன் நுண்ணிய குஞ்சுகள் மாட்டின் ரத்தத்தில் ஓடும். கொசு அந்த ரத்தத்தைக் குடித்து இன்னொரு மாட்டைக் கடித்தால் புழு தன் இனத்துக்கு உரிய இடத்துக்கே போய்ச் சேரும். அதே கொசு பக்கத்தில் கட்டியிருக்கும் குதிரையைக் கடித்துவிட்டால், புழுவுக்கு வழி தப்பிவிடுகிறது. குதிரையின் உடம்புக்குள் இலக்கில்லாமல் அலைந்து, சில சமயம் தண்டுவடத்துக்குள் புகுந்து பின்னங்காலைத் தளர வைக்கும். வடநாட்டில் அந்த நோய்க்குக் கும்ரி என்று பெயர். சில சமயம் கண்ணுக்குள் வந்து மாட்டிக்கொள்ளும். அங்கிருந்து அதற்கு வெளியேற வழியில்லை, அங்கே அது இனம் பெருக்கவும் முடியாது. புழுவுக்கும் அது சாவுக்கிடங்குதான்.

இதில் தீங்கு நினைத்தவர் யார்? மாடு நினைக்கவில்லை. கொசு தன் பசியைத்தான் பார்த்தது. புழு வழி தவறியது. யாரும் வேண்டுமென்று செய்யாத ஒரு துன்பம், ஒரு குதிரையின் கண்ணில் வந்து இறங்கியிருக்கிறது. மனித மனத்துக்கு இது தாங்காது. காரணம் இல்லாத வலியைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாததால்தான் சட்டென்று ஒரு பழைய பிறவியை எடுத்து அதன் தலையில் காரணத்தை ஏற்றி வைக்கிறோம். ஏற்றியவுடன் மனசுக்கு ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிதான் எனக்குச் சந்தேகம் தருவது.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கும். பல பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். இந்தப் பிறவிக்கென்று அளந்து வந்தது பிராரத்தம். இப்போது நாம் செய்து புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். விலங்குக்குப் பிராரத்தத்தை அனுபவிப்பது மட்டும்தான் உண்டு, அது புதிதாக எதையும் சேர்த்துக்கொள்வதில்லை என்று தாத்தா சொல்வார். அப்படியே வைத்துக்கொள்வோம். நோய்ப்பட்ட குதிரைக்கு வைத்தியம் நடக்கும் இடத்தில் இருப்பவர்கள் மூன்று பேர்: குதிரை, அதன் சொந்தக்காரர், வைத்தியம் பார்க்க வந்த நான். இந்த மூவரில் அந்த நிமிடத்தில் ஆகாமியம் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள் யார்? சொந்தக்காரரும் நானும்தான். குதிரையின் கணக்கு எங்களால் படிக்க முடியாதது. எங்கள் கணக்கோ எங்கள் கையாலேயே எழுதப்படுகிறது. அப்படியிருக்க, எங்கள் கையைப் பார்க்காமல் குதிரையின் போன பிறவியைப் பேசுவது, வினைக் கொள்கையைத் தலைகீழாகப் பிடிப்பது. அது ஒருவர் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டியது. அடுத்த உயிரின் நோவைப் பார்த்துச் சொன்னால் அது கருணைக்குப் போடும் பூட்டாகிவிடும்.

ஒரு வருஷம் தைப்பூசத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு வண்டிக்காரர் வந்தார். முஸ்லிம், வயதானவர். அவருடைய குதிரைக்கு இடது கண்ணில் புழு. தைப்பூசம் என்றால் வண்டிக்காரர்களுக்கு அறுவடைக் காலம். பாத யாத்திரையாக வந்தவர்கள் கால் கொப்புளத்தோடு வண்டி தேடும் நேரம் அது. கூட வந்த ஒருவர் வழக்கம்போல் வினைப் பேச்சை எடுத்தார். பெரியவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"இது என்ன பாவம் பண்ணியிருக்கும்? நான் பண்ணின பாவத்துக்கு இதைப் புடிச்சிருக்கு டாக்டரம்மா."

"அப்படியும் இல்ல பாய். கொசு கடிச்சிருக்கு. பக்கத்துல மாட்டுக் கொட்டகை இருக்குல்ல?" என்றேன்.

என் பதில் அவர் காதில் ஏறியதா என்று தெரியவில்லை. ஒருவர் செய்த பாவத்துக்கு ஒன்றும் அறியாத உயிரைத் தண்டிக்கும் இறைவனை என்னால் ஏற்க முடியாது. அவருடைய மார்க்கத்திலும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அவருடைய நினைப்புக்கும் வேடிக்கை பார்த்தவரின் நினைப்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. இவர் கடனைத் தன் பக்கம் எழுதிக்கொண்டார். அறுவை முடிந்த பிறகு இரவு முழுக்கச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு லாயத்திலேயே கிடந்தவர் அவர்தான். தைப்பூசத்தன்று வண்டி பூட்டவில்லை. தாகத்தில் நாக்குத் தொங்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் தோல் காலணியில் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்த மனிதரின் பாவங்களை இறைவன் மன்னித்தான் என்ற நபிமொழியை எனக்குச் சொன்னதும் அவர்தான். அந்த நாய்க்கு ஏன் தாகம் வந்தது என்று அந்தக் கதையில் யாரும் கேட்பதில்லை.

அறுவையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கேள்வியின் கனமான பகுதி அங்கேதான் இருக்கிறது. சைலசின் ஊசி போட்டதும் குதிரை மயங்கி, நின்றபடியே தலையைத் தொங்கப் போடும். தலை தாழ்ந்தால் கண்ணுக்குள் அழுத்தம் கூடும். அந்த நிலையில் கருவிழியைத் துளைத்தால் உள்நீர் பீறிட்டு, கண்மணியைச் சுற்றியுள்ள வண்ணத் திரையும் துளை வழியே பிதுங்கி வந்துவிடலாம். அதனால் வைக்கோல் கட்டுகளை அடுக்கி அதன் மேல் தலையைத் தாங்க வைப்போம். குதிரையின் இமைத் தசைக்கு இருக்கும் பலத்தை விரலால் வெல்ல முடியாது. இமையை மூடும் நரம்பு மரத்துப்போக ஊசி போட்டால்தான் கண் திறந்து நிற்கும். கண்ணின் மேல் மரத்துப்போகும் சொட்டு மருந்து. புழு பின்னறைக்குள் நழுவி ஒளிந்துகொள்ளாமல் இருக்கக் கண்மணியைச் சுருக்கும் மருந்து. அப்புறம் கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் ஓரத்தில் ஒரே குத்து. நீரோடு புழுவும் வழிந்து வந்துவிட்டால் வேலை சில நொடிகளில் முடிந்துவிடும்.

மருந்து கொடுத்துக் கண்ணுக்குள்ளேயே கொன்றுவிடலாமே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கண்ணுக்குள் செத்து அழியும் புழு எழுப்பும் அழற்சி, அது உயிரோடு இருந்து செய்யும் கெடுதலைவிட மோசமாக இருக்கலாம். அது உயிரோடு வெளியே வருவதுதான் நல்லது.

குத்து முடிந்ததும் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. உள்ளே ரத்தம் கசியலாம். கிருமி புகுந்து கண் முழுவதும் சீழ் பிடிக்கலாம். புழு போன பிறகும் கருவிழியில் வெண்தழும்பு நிலைத்துவிடலாம். வலி குறையவும் கண்மணி விரியவும் அட்ரோபின் விடுகிறோம். அதே அட்ரோபின் அதிகமானால் குதிரையின் குடல் அசைவைக் குறைத்துவிடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கண்ணில் விட்ட சொட்டால் வயிற்றுவலி வந்து குதிரை உயிருக்கே போராடும் நிலை வரலாம். அதனால்தான் கண்ணுக்கு மருந்து விடும் ஒவ்வொரு தடவையும் வயிற்றில் காதை வைத்துக் கேட்கச் சொல்வேன், சாணம் போட்டதா என்று விசாரிப்பேன்.

இத்தனையும் அந்த உயிரிடம் கேட்காமல் செய்கிறோம். மனித நோயாளியிடம் "வலிக்கும், ஆனால் நாளைக்குச் சரியாகிவிடும்" என்று சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்தில் பாதி வலி போய்விடும். குதிரைக்கு அந்த வாக்கியம் கிடையாது. அதற்குத் தெரிந்தது மேலுதட்டில் முறுக்கிய கயிறும், கழுத்தைப் பிடித்த ஆட்களும், கண்ணில் பாய்ந்த குத்தும்தான். அதன் அறிவில் அந்த நேரத்துத் துன்பத்துக்குக் காரணம் புழு அல்ல, நான்.

காளத்தியில் இறைவன் கண்ணில் ரத்தம் வழியக் கண்ட கண்ணப்பரைச் சேக்கிழார் பாடியிருக்கிறார். நம்மில் பலருக்கு அவர் கண்ணைத் தோண்டி அப்பியதுதான் நினைவிருக்கும். அதற்கு முன்னால் அவர் காட்டுக்குள் ஓடிப் பச்சிலை பறித்து வந்து பிழிந்து பார்த்தார் என்பது கதையில் இருக்கிறது. இலகுவான மருந்தை முதலில் பார்த்து, அது பலிக்காதபோதுதான் அம்பை எடுத்தார். வைத்தியம் படித்த எவரும் மெச்சும் வரிசை அது. அதைவிட முக்கியமாக, அவர் கொடுத்தது தன் கண்ணை. நாங்கள் கத்தி வைப்பது பிறர் கண்ணில். தன்னைக் கொடுப்பதற்கு அன்பு மட்டும் போதும். பிறர் உடம்பை அறுப்பதற்கு அன்பு போதாது. அன்பில்லாதவரைவிட அன்பு மிகுந்த சொந்தக்காரர்தான் சில நேரம் குதிரைக்குக் கேடு செய்துவிடுகிறார். "எப்படியாவது பார்வையை மீட்டுக் கொடுங்க" என்ற கெஞ்சலில் யாருடைய ஆசை பேசுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் பெரிய கண் அறுவைகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பிறவிக் கண்புரையோடு பிறந்த குட்டிக்குப் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். ஆறு மாத வயதுக்குள் செய்தால் பலன் அதிகம். லென்ஸ் வைக்காவிட்டால் பார்வை மங்கலாகத்தான் இருக்கும், ஆனாலும் தாயின் பின்னால் முட்டாமல் மோதாமல் ஓட முடியும். இரண்டு கண்ணும் தெரியாத குட்டி என்றால் நான் அந்த அறுவையின் பக்கம். வளர்ந்த குதிரைக்கு, அதுவும் ஒரு கண் நன்றாக இருக்கும்போது, எனக்குத் தயக்கம் உண்டு. உள்அழற்சி, கண் அழுத்த நோய், விழித்திரை பிரிவது, கருவிழிப் புண் என்று வரக்கூடியவை ஒரு பக்கம். மயக்க மருந்தே இன்னொரு பக்கம்.

2002-இல் வெளியான ஓர் ஆய்வு, மயக்க மருந்து கொடுக்கப்பட்ட 40,000-க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கணக்கெடுத்தது. வயிற்றுவலிக்கான அவசர அறுவைகளை நீக்கிவிட்டுப் பார்த்தாலும், ஏறக்குறைய 100-க்கு 1 குதிரை ஏழு நாளுக்குள் இறந்திருந்தது. அதற்குப் பிறகு முறைகள் மேம்பட்டுள்ளன. ஆனாலும் மனிதர்களுக்கு உள்ள அபாயத்தோடு ஒப்பிடவே முடியாது. காரணம் குதிரையின் உடம்பும் இயல்பும். ஐந்நூறு கிலோ எடை ஒரே பக்கமாய்க் கிடந்தால் அடியில் அகப்பட்ட தசை ரத்தம் இல்லாமல் கெடும். கண் அறுவைக்கு விழி அசையாமல் நடுவில் நிற்க வேண்டும் என்று சில சமயம் தசையைத் தளர்த்தும் மருந்தும் சேர்க்கிறார்கள். அது முழுதாக இறங்காமல் எழுந்தால் கால் நிற்காது. புலிக்கும் ஓநாய்க்கும் பயந்து பழகிய இனம், தெளிந்ததும் தெளியாததுமாக எழுந்து ஓடப் பார்க்கும். ஒரு கண் கட்டியிருக்கும், திசை தெரியாது. அப்போது சுவரில் மோதிக் காலை முறித்துக்கொள்ளும்.

ஒரு பெரிய மருத்துவமனையில் அப்படி ஒரு மரணத்தை நான் பார்த்தேன். அறுவை குறையில்லாமல் நடந்திருந்தது. கண்ணும் தெளிவாக இருந்தது. மெத்தை பதித்த அறையில் எழுந்திருக்கும்போது பின்னங்கால் எலும்பு இரண்டாக முறிந்தது. ஊசி போட்டு அதன் வலியை முடித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. "அதோட விதி அவ்வளவுதான்" என்று சொந்தக்காரர் சொன்னார். அவர் துக்கத்தில் சொன்னார், அவரை நான் குறை கூறவில்லை. ஆனால் அதைக் கேட்டதும் சுற்றி நின்ற மருத்துவர்களின் முகம் இளகியதைப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது. அந்த அபாயத்தை அந்தக் குதிரை ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்காக நாம் ஏற்றோம். ஏற்றவர்கள் நாம் என்றால் சுமையும் நம்முடையது. தவறே நடக்காதபோதும் பொறுப்பு உண்டு. அதை விதியிடம் ஒப்படைக்கும் உரிமை கத்தி பிடித்தவருக்குக் கிடையாது.

இன்னொரு குதிரை: கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் வெள்ளைக் குதிரை, சுழி பார்த்து வாங்கியது. ஒரு கண்ணில் உள்அழற்சி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. உலகெங்கும் குதிரைகளைக் குருடாக்கும் நோய்களில் முதன்மையானது இதுதான். எலிக்காய்ச்சல் கிருமிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. விட்டுவிட்டு வருவதால் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் சந்திரனோடு சேர்த்துப் பேசினார்கள். கடைசியில் அந்தக் கண் சுருங்கிப் பார்வையும் போய், நோவு மட்டும் மிஞ்சியது. குதிரை கொள்ளைத் தொடாமல் தலையைச் சுவரில் சாய்த்து நின்றது. கண்ணை எடுத்துவிடலாம் என்றேன். "ஒத்தக் கண்ணுக் குதிரைய மாப்பிள்ள அழைப்புக்கு எவன் கூப்புடுவான்? அபசகுனம்பான்" என்றார் சொந்தக்காரர். குழிக்குள் சிலிக்கான் பந்து வைத்தால் பள்ளம் தெரியாது என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். அதை வைக்கலாம்தான். சீழ் பிடித்து வெளியே தள்ளிவிடும் அபாயமும் உண்டு. அந்த அபாயம் குதிரைக்கு, அழகோ நமக்கு. அதை நான் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு பந்து வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார்.

நிற்க வைத்தே, மரத்துப்போகும் ஊசியிலேயே அந்தக் கண்ணை எடுத்தோம். சில நாளில் குதிரை பழையபடி தீனி எடுத்தது. தெரியாத பக்கம் காதைத் திருப்பி வைத்து நடக்கப் பழகியது. குதிரைக்குக் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது. ஒரு கண்ணே ஏறக்குறைய பாதி உலகத்தைப் பார்த்துவிடும். இருள் என்றதும் நமக்கு வரும் திகிலை அதன் மேல் ஏற்றக் கூடாது. சொந்தக்காரர் அந்தப் பக்கம் குஞ்சம் தொங்கும் முகபடாம் தைத்துப் போட்டார், ஊர்வலங்களும் நின்றுபோகவில்லை. நோவைத் தீர்ப்பது முதலில், பார்வையை மீட்பது அதற்கடுத்து, தோற்றம் கணக்கிலேயே வரக் கூடாது. கேட்க முடியாத உயிருக்காக முடிவெடுக்கும்போது இந்த வரிசையைத்தான் நான் நம்புகிறேன்.

புழு பாக்கி இருக்கிறது. வெளியே எடுத்ததை உப்புநீர்க் கிண்ணத்தில் போட்டால் கொஞ்ச நேரம் நெளிந்துகொண்டிருக்கும். சமணர்கள் புழுவை ஈரறிவு உயிர் என்பார்கள். தொடுதலும் சுவையும் அதற்கு உண்டு. எல்லா உயிரும் இறைவன் விளங்கும் இடம் என்று ஜீவகாருண்யத்தை வழிபாடாகவே வைத்த வள்ளலார் முன்னால், அந்தக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வேன்? அதற்கு மதிப்பில்லை என்று சொல்ல மாட்டேன். குதிரையின் நோவு எனக்குத் தெரிகிறது, புழுவின் நோவு எனக்குத் தெரியவில்லை. என் கண் எட்டும் தூரம் அவ்வளவுதான். தெரிந்த நோவுக்காகத் தெரியாத உயிரைக் கொன்றேன். அது என் ஆகாமியம். அதை நியாயம் பேசி அழித்துக்கொள்ள நான் விரும்பவில்லை.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் கடைசிக் குறள், நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பார்த்துக்கொள்பவர் என்று மருத்துவத்தை நான்காக வகுக்கிறது. குதிரை வைத்தியத்தில் அந்த முதலாமவருக்குப் பேச்சு இல்லை. ஆகவே நான்காமவர் இரண்டு பேர் வேலையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. குதிரை வைத்திருக்கும் உங்களிடம்தான் இதைச் சொல்கிறேன். கண்ணில் நீர் வடிந்தாலோ இமையை மூடிக்கொண்டாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள். பச்சிலைச் சாறோ, கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தோ விடாதீர்கள். கருவிழியில் புண் இருந்தால் ஸ்டீராய்டு சில நாளிலேயே கண்ணைக் கரைத்துவிடும். குதிரை லாயத்தை மாட்டுக் கொட்டகையிலிருந்து தள்ளிக் கட்டுங்கள், சாயங்காலம் கொசுவலை போடுங்கள். அறுவை என்று டாக்டர் சொன்னால், இதனால் குதிரைக்கு நோவு குறையுமா என்பதை முதலில் கேளுங்கள்.